கீமோ தொடங்க முன்: முட்டையை உறையவைப்பதா, சூலக இழையத்தையா?

சித்தி வீட்டு மேசையில் அன்றைக்கு மூன்று ரிப்போர்ட், ஒரு நாட்காட்டி, யாரும் தொடாமல் ஆறிப்போன தேத்தண்ணி. வெள்ளவத்தையில் காலி வீதிக்கும் கடலுக்கும் இடையில் இருக்கிற பழைய தொடர்மாடி ஒன்றின் மூன்றாம் மாடி அது. சித்தியின் மகளுக்கு 29 வயது, இன்னும் கலியாணம் ஆகவில்லை. மார்பில் இருந்த புற்றுநோய்க் கட்டியை மகரகம புற்றுநோய் வைத்தியசாலையில் சத்திரசிகிச்சை செய்து எடுத்துவிட்டார்கள். நான்கு கிழமையில் கீமோ. நாட்காட்டியில் அந்தத் திகதியைச் சுற்றிச் சிவப்புப் பேனையால் வட்டம் போட்டிருந்தது.

"முதல்ல உயிர் தப்பட்டும். பிள்ளை குட்டியைப் பற்றி அப்புறம் பாப்பம்" என்றார் சித்தி.

அந்த "அப்புறம்" என்ற சொல்தான் என்னை உலுக்கியது. என் தங்கச்சிக்கு 24 வயதில் லிம்போமா என்ற நிணநீர்ப் புற்றுநோய் திரும்பி வந்தபோது எங்கள் வீட்டிலும் இதையேதான் சொன்னோம். முதல் முறை கொடுத்த மருந்து மென்மையானது; அவளுக்கு மாதவிடாய் கூட நிற்கவில்லை. இரண்டாம் முறை ஸ்டெம் செல் மாற்றுச் சிகிச்சைக்கு முன் கடுமையான கீமோ கொடுத்தார்கள். உயிர் தப்பியது, அதற்கு இன்றைக்கும் கும்பிடுகிறோம். ஆனால் மூன்று மாதத்தில் உடம்பு கொதிக்கிற சூடு, இரவில் வியர்வை, தூக்கமின்மை என்று 50 வயதுப் பெண்ணுக்கு வருகிற எல்லாம் அவளுக்கு வந்தது. பிறகு ஒரு டொக்டரைச் சனல் பண்ணிப் போனோம். சூலகத்தில் எவ்வளவு முட்டை மிச்சம் என்று காட்டுகிற ஏஎம்எச் இரத்தப் பரிசோதனை ரிப்போர்ட்டைப் பார்த்துவிட்டு, "கீமோவுக்கு முன்னமே யாரும் உங்களோட இதைக் கதைக்கவில்லையா?" என்று அவர் கேட்டார். கதைக்கவில்லை. சிகிச்சை கொடுத்த இடத்தில் ஒருவரும் வாய் திறக்கவில்லை. கேட்கவேண்டும் என்று எங்களுக்கும் தெரியவில்லை.

அதனால் இந்த முறை நான் வாயை மூடிக்கொண்டிருக்கவில்லை. அந்த நான்கு கிழமையில் நாங்கள் தேடியது, கேட்டது, ஒன்றோடு ஒன்று ஒப்பிட்டுப் பார்த்தது எல்லாவற்றையும் இங்கே எழுதுகிறேன். இது டொக்டரின் ஆலோசனைக்கு மாற்று அல்ல. டொக்டரிடம் என்ன கேட்பது என்று தெரிந்துகொண்டு போவதற்காக.

முதலில் ஒரு விசயம் விளங்கவேண்டும். ஆண்களுக்கு விந்து வாழ்நாள் முழுக்க உற்பத்தியாகிக்கொண்டே இருக்கும். பெண்ணின் சூலகம் அப்படியல்ல. பிறக்கும்போதே 10 முதல் 20 இலட்சம் இளம் முட்டைகளோடு பிறக்கிறோம். பெரியபிள்ளை ஆகும்போது ஏறத்தாழ மூன்று, நான்கு இலட்சம்தான் மிச்சம். புதிதாக ஒன்றும் சேராது. சைக்ளோபொஸ்பமைட், புசல்ஃபான் போன்ற மருந்துகள் இந்தக் கையிருப்பை நேரே தாக்கும். கதிர்ச் சிகிச்சை இன்னும் மோசம்: சூலகத்தில் 2 கிரேக்கும் (கிரே என்பது கதிரை அளக்கும் அலகு) குறைவான கதிர் பட்டாலே இளம் முட்டைகளில் பாதி அழிந்துவிடும்.

ஆனால் எல்லா மருந்தும் ஒன்றல்ல. ஹொட்ஜ்கின் லிம்போமாவுக்கு முதலில் கொடுக்கிற ஏபிவிடி என்ற கூட்டு மருந்து சூலகத்தைப் பெரிதாகப் பாதிப்பதில்லை. ஆகவே எந்த வழி நல்லது என்று பார்க்க முன்னமே, "எனக்குக் கொடுக்கப்போகிற மருந்தின் பெயர் என்ன, என் வயதில் அது சூலகத்தை எவ்வளவு பாதிக்கும்?" என்று புற்றுநோய் நிபுணரிடம் கேளுங்கள். சிலருக்கு ஒன்றுமே செய்யத் தேவையில்லை என்ற பதில் வரலாம். அதுவும் நல்ல செய்திதான்.

பாதிப்பு உறுதி என்றால், கொழும்பில் இருந்துகொண்டு முதலில் கைக்கு எட்டுவது முட்டையை உறையவைப்பது. ஐவிஎஃப், அதாவது உடம்புக்கு வெளியே கருக்கட்டும் சிகிச்சை, செய்கிற நிலையங்களில் ஏற்கெனவே பழகிய வேலை அது. அமெரிக்க இனப்பெருக்க மருத்துவச் சங்கம் 2012 இலேயே இதைப் பரிசோதனை முறை என்ற பட்டியலிலிருந்து எடுத்துவிட்டது. 10 முதல் 14 நாள் வரை ஓமோன் ஊசி, இடையிடையே ஸ்கான், கடைசியில் மயக்க மருந்து கொடுத்து முட்டையை உறிஞ்சி எடுப்பது. முன்பெல்லாம் மாதவிடாய் வரும்வரை காத்திருக்கச் சொல்வார்கள். இப்போது மாதத்தின் எந்த நாளிலும் தொடங்கலாம். புற்றுநோயாளிக்கு அந்த ஒன்றே பெரிய உதவி. மார்புப் புற்றுநோய் என்றால் ஓமோன் ஊசியைக் கேட்டதும் எல்லோருக்கும் பயம் வரும். சித்தி அந்த இடத்தில் எழும்பியே விட்டார். லெட்ரசோல் என்ற மாத்திரையைச் சேர்த்துக் கொடுத்தால் ஈஸ்ட்ரஜன் அளவு ஏறாமல் கட்டுக்குள் இருக்கும் என்று டொக்டர் கடதாசியில் கோடு கீறிக் காட்டிய பிறகுதான் இருந்தார்.

இதில் ஒரு முட்டை ஒரு பிள்ளை அல்ல என்பதை மனதில் வைக்கவேண்டும். உறையவைத்து எடுக்கும்போது சில போகும், கருக்கட்டும்போது சில போகும், கருப்பையில் தங்காமல் சில போகும். 35 வயதுக்குட்பட்டவரிடம் 10 முதல் 15 முட்டையாவது இருந்தால் நல்லது என்பார்கள். கீமோவுக்கு முன் ஒரு சுற்றுக்குத்தான் நேரம் இருக்கும். ஆகவே முதலில் ஏஎம்எச் இரத்தப் பரிசோதனை செய்து, எத்தனை கிடைக்கலாம் என்று கேட்டுவிட்டுத் தொடங்குவது புத்தி.

கருவாகவே உறையவைப்பது இன்னும் பழைய வழி. அப்படி உறையவைத்த கருவிலிருந்து முதல் குழந்தை 1984 இல் அவுஸ்திரேலியாவில் பிறந்தது. கலியாணம் ஆனவர்களிடம் இதைத்தான் முதலில் சொல்வார்கள். என் அபிப்பிராயம் வேறு. கரு இருவருக்கும் சொந்தம். முட்டை பெண்ணுக்கு மட்டும் சொந்தம். நோய் வந்த வீட்டில் கலியாணம் உடைவதை நான் கண்ணால் கண்டிருக்கிறேன். கணவர் எவ்வளவு நல்லவராக இருந்தாலும் எடுத்த முட்டைகளில் பாதியையாவது கருவாக்காமல் தனியே உறையவைக்கச் சொல்லுங்கள்.

சரி, இனி சூலக இழையம்.

இந்த வழி எங்களுக்குக் கடைசியில் பயன்படவில்லை. ஆனாலும் நான் அதிக நேரம் செலவழித்துப் படித்தது இதைத்தான், ஏனென்றால் படிக்கப் படிக்க இது என் தங்கச்சிக்கென்றே இருந்த வழி என்று தெரிந்தது. லப்பரஸ்கொபி மூலம் வயிற்றில் சிறு துளைகள் போட்டு ஒரு சூலகத்தையோ அதில் ஒரு பகுதியையோ எடுக்கிறார்கள். இளம் முட்டைகள் எல்லாம் சூலகத்தின் வெளிப்பட்டையில்தான் இருக்கும். அந்தப் பட்டையை ஒரு மில்லிமீற்றர் அளவுக்கு மெல்லிய சிறு துண்டுகளாக்கி, மெதுமெதுவாகக் குளிர்வித்து, −196 பாகை செல்சியசில் திரவ நைதரசனில் வைக்கிறார்கள். ஓமோன் ஊசி இல்லை, காத்திருப்பு இல்லை. இரண்டு மூன்று நாளில் முடித்துவிட்டுக் கீமோவுக்குப் போகலாம். நோய் குணமாகி, பிள்ளை வேண்டும் என்ற நேரம் வரும்போது அந்தத் துண்டுகளை மிச்சமிருக்கிற சூலகத்திலோ அதற்குப் பக்கத்தில் வயிற்று மென்சவ்வுக்குக் கீழேயோ திருப்பி வைப்பார்கள். மூன்று முதல் ஆறு மாதத்துக்குள் அது வேலை செய்யத் தொடங்கும். மாதவிடாய் திரும்பும்.

இப்படித் திருப்பி வைத்த இழையத்திலிருந்து முதல் குழந்தை 2004 செப்டெம்பரில் பெல்ஜியத்தில் பிறந்தது. ஜாக் டொனே என்ற மருத்துவரின் குழு செய்தது. அந்தத் தாய்க்கு ஹொட்ஜ்கின் லிம்போமா. 1997 இல் எடுத்து வைத்த இழையம் 2003 இல் திருப்பி வைக்கப்பட்டது. அதற்குப் பிறகு உலகம் முழுவதும் 200 க்கும் அதிகமான குழந்தைகள் பிறந்துவிட்டன. 2019 இல் அமெரிக்கச் சங்கம் இதையும் பரிசோதனை முறை அல்ல என்று அறிவித்தது. இழையத்தைத் திருப்பி வைத்தவர்களில் ஏறத்தாழ மூன்றிலோ நான்கிலோ ஒருவருக்குக் குழந்தை பிறக்கிறது. அவர்களில் பாதிப் பேருக்கு ஐவிஎஃப் இல்லாமல், இயற்கையாகவே கரு தங்கியிருக்கிறது. உறையவைத்த முட்டையில் அது நடக்காது. அதற்குப் பின்னால் இக்ஸி, அதாவது ஆய்வுகூடத்தில் முட்டைக்குள் விந்தை ஊசியால் செலுத்திக் கருக்கட்டுவது, செய்தே ஆகவேண்டும், அந்தச் செலவும் தனி.

முட்டை தராத இன்னொன்றையும் இழையம் தரும். சூலகம் திரும்ப ஓமோன் சுரக்கத் தொடங்கும். என் தங்கச்சி இரவில் எழும்பி மின்விசிறிக்கு நேரே நின்று உடுப்பு மாற்றுவதைப் பார்த்தவளுக்கு அது எவ்வளவு பெரிய விசயம் என்று தெரியும். ஆனால் அது வாழ்நாள் முழுக்க நீடிக்காது. சராசரியாக நான்கைந்து வருடம். சிலருக்கு அதைவிடக் கூட.

குறைகளையும் சொல்லவேண்டும். ஒன்றுக்கு இரண்டு சத்திரசிகிச்சை. இருக்கிற சூலகத்தில் ஒரு பங்கை இப்போதே இழக்கவேண்டும். திருப்பி வைத்த துண்டுக்குப் புதிய இரத்தக் குழாய் வளர நாள் எடுக்கும். அதற்குள் பாதிக்கு மேற்பட்ட இளம் முட்டைகள் இரத்தம் இல்லாமல் செத்துப்போகும். அதனால்தான் கையிருப்பு நிறைய உள்ள இளம் வயதினருக்கே இது பொருந்தும். பொதுவாக 35 வயதுக்கு மேல் செய்யத் தயங்குவார்கள். எல்லாவற்றையும்விடப் பெரிய பயம், இழையத்தோடு சேர்ந்து புற்றுநோய்க் கலங்களும் திரும்பி வருமோ என்பது. லுகேமியா என்ற இரத்தப் புற்றுநோயில் இந்த ஆபத்து அதிகம், ஏனென்றால் அது இரத்தத்தோடு எங்கும் ஓடுகிற நோய். முதல் சுற்றுக் கீமோவில் நோய் அடங்கிய பின் இழையத்தை எடுத்து, நுணுக்கமாகச் சோதித்த பிறகு திருப்பி வைத்து இஸ்ரேலில் ஒரு பெண்ணுக்குக் குழந்தை பிறந்திருக்கிறது. ஆனாலும் லுகேமியா என்றால் இதை ஒரு போதும் எளிதாக எடுத்துக்கொள்ளக் கூடாது. ஹொட்ஜ்கினிலும், ஆரம்ப நிலை மார்புப் புற்றுநோயிலும் அந்தப் பயம் குறைவு.

தங்கச்சிக்கு இது ஏன் பொருந்தியிருக்கும் என்றால், கீமோ எடுத்து கொஞ்ச நாளில் முட்டையை எடுப்பதை டொக்டர்மார் விரும்ப மாட்டார்கள். வளர்ந்துகொண்டிருந்த முட்டை மருந்தில் அடிபட்டிருக்கும். சில மாதமாவது பொறுக்கச் சொல்வார்கள். இழையத்தில் இருப்பது உறங்குகிற முட்டை. மென்மையான முதல் கீமோவுக்குப் பிறகும் அதை எடுக்கலாம். அவளுக்கு வயது 24, நோய் லிம்போமா, வரப்போவது கடுமையான மருந்து, கையில் இருந்தது பத்து நாள்.

பெரியபிள்ளை ஆகாத பிள்ளைகளுக்கு இது ஒன்றே வழி. அவர்களிடம் எடுக்க முதிர்ந்த முட்டையே இல்லை. இதைப் புற்றுநோய்க்கு மட்டும் உரியதென்று நினைக்கவேண்டாம். குருநாகலில் தலசீமியா என்ற பரம்பரை இரத்த நோய்க்கென்று தனி நிலையமே வைத்திருக்கிற நாடு நம்முடையது. தலசீமியாவைக் குணமாக்க எலும்பு மச்சை மாற்றும்போது கொடுக்கிற மருந்தும் சூலகத்தை அழிக்கும். துபாயைச் சேர்ந்த ஒரு பெண்ணுக்குத் தலசீமியா. ஒன்பது வயதில் இங்கிலாந்தின் லீட்ஸ் நகரில் சூலக இழையத்தை எடுத்து வைத்தார்கள். அவர் வளர்ந்து, கலியாணம் முடித்து, 2016 டிசெம்பரில் லண்டனில் ஆண் குழந்தை பெற்றார். ஒன்பது வயது மகளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு "இவளுக்கு நாளைக்குப் பிள்ளை வேண்டாமா?" என்று கேட்க எந்தத் தாய்க்கும் நா எழாது. ஆனால் அந்தக் கேள்வியை அன்றைக்கே யாரோ கேட்டபடியால்தான் அந்தக் குழந்தை பிறந்தது.

மாதம் ஒரு தடவை வயிற்றில் போடுகிற சொலடெக்ஸ் ஊசியைப் பற்றியும் சொல்வார்கள். சூலகத்தை உறங்கவைத்துக் கீமோவிலிருந்து காப்பாற்றுவது நோக்கம். முதல் கீமோவுக்கு ஒரு கிழமை முன்னமே தொடங்கவேண்டும். ஓமோனுக்குக் கட்டுப்படாத வகை மார்புப் புற்றுநோயில் 2015 இல் வந்த ஓர் ஆய்வில், ஊசி போட்டவர்களில் 8 சதவீதத்தினருக்கும் போடாதவர்களில் 22 சதவீதத்தினருக்கும் சூலகம் செயலிழந்தது. நல்ல பலன்தான். ஆனால் இது பெட்டியில் எதையும் எடுத்து வைப்பதில்லை. "ஊசி போட்டால் போதும், மற்றது வேண்டாம்" என்று யாராவது சொன்னால் ஒத்துக்கொள்ளாதீர்கள். மற்றதோடு சேர்த்துப் போடுவது சரி. இடுப்புப் பகுதிக்கு மட்டும் கதிர்ச் சிகிச்சை என்றால், சூலகத்தை மேலே தள்ளித் தைத்து வைக்கும் சத்திரசிகிச்சை ஒன்றும் உண்டு.

கொழும்பில் நடைமுறை எப்படி? மகரகமவில் புற்றுநோய்ச் சிகிச்சை இலவசம். முட்டைக்கு வந்தால் தனியார் நிலையம், கையிலிருந்து காசு. மருந்து, எடுப்பது, உறையவைப்பது, வருடாந்தச் சேமிப்பு, பிற்காலத்தில் இக்ஸி எல்லாவற்றுக்கும் தனித்தனியே எழுத்தில் விலை கேளுங்கள். ஒரே தொகையாகச் சொன்னால் பிரித்துத் தரச் சொல்லுங்கள். இழையத்தைப் பற்றி விசாரிக்கும்போது "செய்வோம்" என்ற பதிலோடு நிற்காதீர்கள். இதுவரை எத்தனை பேருக்கு எடுத்தீர்கள், எத்தனை பேருக்குத் திருப்பி வைத்தீர்கள், உறையவைக்கிற ஆய்வுகூடம் எங்கே இருக்கிறது என்று கேளுங்கள். முட்டை உறையவைக்கத் தெரிந்த எல்லோருக்கும் இழையம் உறையவைக்கத் தெரியும் என்றில்லை. டென்மார்க்கிலும் ஜேர்மனியிலும் ஊர் வைத்தியசாலையில் எடுத்த இழையத்தை ஐஸ் பெட்டியில் வைத்து, பல மணி நேரம் பயணம் செய்து, பழக்கப்பட்ட ஓர் ஆய்வுகூடத்துக்குத்தான் கொண்டுபோகிறார்கள். அதனால் பயணம் ஒரு தடையல்ல. அனுபவம் இல்லாத கைதான் தடை.

சென்னைக்குப் போகலாமே என்று மாமா கேட்டார். விமானத்தில் ஒன்றேகால் மணித்தியாலம், மொழிப் பிரச்சினை இல்லை. யோசிக்கத்தக்கதுதான். ஆனால் எடுத்ததை அங்கேயே வைத்தால் திருப்பி வைக்கவும் அங்கேதான் போகவேண்டும். இந்தியாவில் 2021 இல் வந்த சட்டப்படி, தன் சொந்த முட்டையையும் கருவையும் நாட்டுக்கு வெளியே கொண்டுபோக அவர்களுடைய தேசியச் சபையின் அனுமதி வேண்டும்.

சித்தி கேட்ட கேள்விதான் எல்லாவற்றிலும் நல்ல கேள்வி: "கரண்ட் போனா என்ன செய்யிறது?" 2022 இல் ஒரு நாளைக்குப் 13 மணி நேரம் இருட்டில் இருந்தவர்கள் நாங்கள். நைதரசன் தாங்கி குளிர்சாதனப் பெட்டியைப் போன்றதல்ல, அதற்கு மின்சாரம் தேவையில்லை. ஆனால் திரவ நைதரசன் ஆவியாகிக்கொண்டே இருக்கும், அதை விடாமல் நிரப்பவேண்டும். ஆகவே கரண்டைப் பற்றிக் கேட்பதோடு, நைதரசன் எங்கிருந்து வருகிறது, எரிபொருள் தட்டுப்பாடு வந்த மாதங்களில் எப்படிச் சமாளித்தீர்கள், மட்டம் குறைந்தால் மணி அடிக்குமா என்றும் கேட்கவேண்டும். நாங்கள் கேட்ட நிலையத்தில் தாங்கியைத் திறந்தே காட்டினார்கள். வெள்ளைப் புகை தரையில் வழிந்தது.

கலியாணம் ஆகாத பிள்ளைகளின் தாய்மாருக்கு இன்னொரு தயக்கம் உண்டு. வாய்விட்டுச் சொல்ல மாட்டார்கள். முட்டை எடுக்கும்போது ஸ்கானும் ஊசியும் பிறப்பு வழியாகத்தான் போகும். இழையம் வயிற்றுத் துளை வழியாக எடுப்பது. இதை மட்டும் நினைத்து இழையத்தைத் தெரிவு செய்யப்போன ஒரு குடும்பத்தை எனக்குத் தெரியும். வேண்டாம். இடையில் செய்கிற ஸ்கானை வயிற்றின் மேலாகவே செய்யலாம். முட்டையை எடுப்பது மயக்கத்தில்தான். ஒரு பெண் டொக்டரிடம் நேரே கேட்டுவிடுங்கள். கலியாணச் சந்தையில் யாரோ என்ன கேட்பார்கள் என்ற பயத்தில் உடம்பின் ஒரு பாகத்தை வெட்டி எடுக்கச் சம்மதிக்கக் கூடாது.

சித்தியின் மகள் முட்டையைத் தெரிவு செய்தாள். நான்கு கிழமை இருந்தது, வயது 29, ஏஎம்எச் நல்லபடி இருந்தது. சூலகம் இரண்டும் உடம்பிலேயே இருக்கட்டும் என்றாள். ஒரு கிழமைதான் இருந்திருந்தால் நானே இழையம் என்று சொல்லியிருப்பேன். முட்டையும் எடுத்து, அதன் பிறகு இழையமும் எடுப்பவர்கள் உண்டு. நேரமும் காசும் இருந்தால் அதுவும் ஒரு வழி.

பதினொரு நாள் ஊசி. குளிர்சாதனப் பெட்டிக் கதவில், மாங்காய் ஊறுகாய்ப் போத்தலுக்குப் பக்கத்தில் ஊசிப் பேனைகள் நின்றன. ஒவ்வொரு இரவும் ஒன்பது மணிக்கு. இடையில் போயா விடுமுறை வந்தது. அன்றைக்கு ஸ்கான் செய்வார்களா என்று முன்கூட்டியே கேட்டு வைத்தது நல்லதாய்ப் போனது. கடைசி ஊசியை நிமிடம் தவறாமல் போடவேண்டும், ஏனென்றால் அதிலிருந்து ஏறத்தாழ 36 மணித்தியாலத்தில் முட்டையை எடுக்கவேண்டும். வயிறு ஊதி, இருக்க நிற்க முடியாமல் இரண்டு நாள் கஷ்டப்பட்டாள். 14 முட்டை கிடைத்தது, அதில் முதிர்ந்தது 11. கீமோ குறித்த திகதியிலேயே தொடங்கியது, ஒரு நாள் கூடப் பிந்தவில்லை.

படிவத்தில் ஒரு கேள்வி இருந்தது: நீங்கள் இறந்தால் இந்த முட்டைகளை என்ன செய்யவேண்டும்? அவள் அதைப் பார்த்துக் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தாள். பிறகு "அழித்துவிடவும்" என்ற கட்டத்தில் புள்ளடி போட்டுக் கையெழுத்து வைத்தாள்.

இப்போது அவள் நோய் திரும்பாமல் இருக்க ஓமோனைத் தடுக்கிற மாத்திரை எடுக்கிறாள். ஐந்து வருடமாவது எடுக்கவேண்டும். ஆனால் 18 முதல் 30 மாதம் எடுத்த பிறகு, பிள்ளை பெறுவதற்காக இரண்டு வருடம் வரை நிறுத்தியவர்களுக்கு அந்தக் குறுகிய காலத்தில் நோய் கூடுதலாகத் திரும்பவில்லை என்று 2023 இல் ஓர் ஆய்வு வந்திருக்கிறது. அதைப் பற்றி டொக்டரிடம் அவளே கேட்டு வைத்திருக்கிறாள்.

அந்தப் பதினொரு இரவும் அவளுக்கு ஊசி போட்டது என் தங்கச்சி. ஸ்பிரிட் பஞ்சால் துடைத்து, தொப்புளுக்கு இரண்டு விரல் தள்ளி, பத்து எண்ணும்வரை ஊசியை எடுக்காமல் பிடிப்பாள். சேமிப்புக் கட்டணம் பெப்ரவரியில் கட்டவேண்டும். இந்த வருடம் பற்றுச்சீட்டை வாங்கிக்கொண்டு வந்ததும் அவள்தான்.